பேக்கரி பார்ட்னர் விலகறாரு, கடைக்கு என்ன விலை போடறது?

கோவை_பேக்கரி: வணக்கம்ங்க. நானும் ஃப்ரெண்டும் பாதிக்குப் பாதி போட்டு 11 வருசமா பேக்கரி நடத்தறோம், இப்ப அவரு ஊருக்கே போறேன் என் பங்கக் குடுத்துருன்னு கேக்கறாரு. ஓவன், மாவு மிக்சர், ஃப்ரீசர், ரேக்கு எல்லாம் செகண்ட்ஹேண்டுல வித்தா 9 லட்சம், சரக்கு ஒன்றரை, கடை அட்வான்ஸ் 5, மைதாக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டரை போக 13 நிக்குது, பாதி ஆறரைன்னு நான் சொல்றேன். அவரு வருசத்துக்கு 14 லட்சம் லாபம், மூணு வருச லாபம் 42, பாதி 21 குடுங்கறாரு.

நொய்யல்: ஆறரைங்கறது கடைய மூடி ஓவனக் கழட்டி விக்கறவரு போடற கணக்குங்க. நீங்க மூடப்போறீங்களா? காலைல ஷட்டர் தூக்கறப்பவே நாலு பேரு டீக்கு நிப்பாங்கல்ல, அதுக்கு விலை இல்லையா? அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1972ல சீஸ் கேண்டிஸ்னு ஒரு மிட்டாய் கம்பெனிய வாங்குனப்ப அதோட கண்ணுல தெரியற சொத்து 80 லட்சம் டாலர்தான், குடுத்தது இரண்டரை கோடி டாலர். அந்தப் பேருக்கும் அது கொண்டு வர்ற லாபத்துக்கும்தான் மிச்சக் காசு.

கணக்குப்புள்ள: ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். அந்த 14ல உங்க ரெண்டு பேரு சம்பளம் கழிச்சாச்சா?

கோவை_பேக்கரி: இல்லைங்க, கல்லால இருந்து எடுத்து நோட்டுல எழுதி வெச்சுக்குவோம், வருசக் கடைசில லாபப் பங்குல கழிச்சுக்குவோம்.

கணக்குப்புள்ள: அப்ப அது முழு லாபம் இல்ல. கல்லாவுக்கு ஒரு ஆளு ஓவனுக்கு ஒரு ஆளு வெளிய இருந்து போட்டா ஆளுக்கு மாசம் 35 ஆயிரமாவது வேணும், வருசத்துக்கு 8.4 லட்சம். கடை தானா சம்பாதிக்கறது 5.6 தான். மூணு மடங்கு 16.8, அவரு பாதி 8.4.

பழைய_பங்காளி: நானும் ஒரு மளிகைக் கடைல இருந்து இப்படி வெளிய வந்தவன், படிக்கவே வயிறு எரியுது. 11 வருசம் சம்பளம்னு ஒண்ணு எழுதாம உழைச்சவருக்கு, போறப்ப மட்டும் சம்பளத்தக் கழிப்பீங்களா? மூணு மடங்குன்னு யாரு முடிவு பண்ணது, அஞ்சு மடங்குன்னா அவரு பாதி 14 லட்சம் வருதே.

கணக்குப்புள்ள: அண்ணே, அந்த உழைப்புக்கு வருசா வருசம் லாபத்துல பாதி வாங்கிட்டாரு. இனிமே அந்த ஓவன் முன்னாடி நிக்கப்போறது வேற ஆளு, அவருக்குச் சம்பளம் குடுத்துத்தானே ஆகணும். மூணும் வாய்க்கு வந்தது இல்ல, வருசம் 5.6 அஞ்சு வருசம் வரும்னு வெச்சு, ரிஸ்க்குக்கு வருசத்துக்கு 20 சதவீதம் வீதம் தள்ளி இன்னிக்கு மதிப்பப் பாத்தாலும் 16.75 கிட்டத்தான் நிக்குது.

நொய்யல்: அஞ்சு வருசம் வரும்னு எப்படிச் சொல்றீங்க? 2021 நவம்பர்ல பேடிஎம் பங்க 2150 ரூபான்னு பெரிய பெரிய ஆளுங்க கணக்குப் போட்டுத்தான் சந்தைல இறக்குனாங்க, முதல் நாளே 27 சதவீதம் விழுந்துச்சு. கடை வாடகை அக்ரிமெண்ட் எத்தனை நாள் பாக்கி?

கோவை_பேக்கரி: 14 மாசம்ங்க. பப்ஸும் தேங்காய் பன்னும் அவரு கைப்பக்குவம்தான், அத இன்னும் யாருக்கும் சொல்லித் தரல.

கணக்குப்புள்ள: இத முதல்லயே சொல்லிருக்கணும். கட்டட ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டா 5.6ம் இல்ல, அட்வான்ஸும் ஓவனும்தான் மிஞ்சும். இன்னொண்ணு, 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 36ம் பிரிவுப்படி விலகறவரு போட்டிக் கடை போடலாம், உங்க கடைப் பேர வெக்கவோ உங்க பழைய வாடிக்கைய இழுக்கவோ கூடாது. இத்தனை வருசம், இந்த ஏரியாவுக்குள்ள போடக்கூடாதுன்னு நியாயமா எழுதி வாங்குனா செல்லும். அதே மாதிரி பணத்த இழுத்தடிக்காதீங்க, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா 37ம் பிரிவுல அவரு பங்கு வெச்சு வந்த லாபமோ இல்ல 6 சதவீத வட்டியோ எது வேணும்னாலும் அவரு கேக்கலாம்.

பழைய_பங்காளி: கைப்பக்குவம் அவருதுன்னா அதுக்கும் காசு குடுங்க. ரெண்டு மாசம் நின்னு மாஸ்டருக்குச் சொல்லிக் குடுக்கட்டும், அத தனியா எழுதுங்க.

கோவை_பேக்கரி: நேத்து கடை சாத்திட்டு ரெண்டு பேரும் நோட்ட விரிச்சு உக்காந்தோம்ங்க. பங்குக்கு 8.4, மாஸ்டருக்குக் கத்துக் குடுக்க ஒண்ணு, மொத்தம் 9.4. இப்ப 5, மீதி பத்து மாசத் தவணை. அவரு இன்னும் சரின்னு சொல்லல, முதல்ல ஓனர்கிட்ட அக்ரிமெண்ட் புதுப்பிக்கறதப் பேசலாம்ங்கறாரு, நாளைக்கு ரெண்டு பேருமாப் போறோம்.