நினைவு உறுதிப்படுத்தலா, நினைவூன்றலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தூக்கத்தில் நினைவு நிலைபெறுவதைக் குறிக்கும் 'கன்சாலிடேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக உறுதிப்படுத்தல், வலுவூட்டல், நினைவுக் காப்பு என்ற மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் முன்வைப்பது 'நினைவூன்றல்'.

நினைவுக் காப்புக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது, விழித்திருந்தபோதைவிட மிகுதியான அசைகள் நினைவில் நின்றன. தூக்கத்தில் புதிய செய்தி எதுவும் குறுக்கிடாததால் மறதி குறைகிறது என்று விளக்கினார்கள். அவ்வளவுதான் உண்மை என்றால் 'காப்பு' போதும். ஆனால் வில்சனும் மெக்நாட்டனும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எலி ஓடித் திரிந்தபோது, நினைவு உருவாகத் துணைபுரியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் எந்த நரம்பணுக்கள் சேர்ந்து இயங்கினவோ, அவையே பிறகு ஆழ்ந்த தூக்கத்திலும் சேர்ந்து இயங்கின. மூளை பகலில் கண்டதைத் தானே மறுபடி ஓட்டிப் பார்க்கிறது! இந்த உழைப்பைக் 'காப்பு' சொல்லவில்லை.

வலுவூட்டலை உளவியலார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பரிசு தந்து ஒரு நடத்தையை வளர்ப்பதற்கு அந்தச் சொல் புழங்குகிறது. ஒரே பாடநூலில் இரண்டு பொருளில் வந்தால் மாணவர் தவித்துப்போவார்.

உறுதிப்படுத்தலுக்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு இடறுவது அதில் உள்ள 'படுத்து'. யாரோ ஒருவர் செய்தால்தான் அது நடக்கும். நினைவு விஷயத்தில் செய்பவர் யாரும் இல்லை. ஆள் அயர்ந்து தூங்குகிறார், வேலை நடக்கிறது. 'வேரூன்றியது' என்று சொல்லும்போது செய்பவரைத் தேட வேண்டியதில்லை. நாற்றங்காலில் முளைத்த பயிர் வயலில் நடப்பட்டபின் வேர் பிடிப்பதைப் போல, ஹிப்போகாம்பஸின் துணையோடு உருவான நினைவு மெல்ல மெல்ல மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் நிலைகொள்கிறது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய்க்காக இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த எதையும் அவரால் மனத்தில் நிறுத்த முடியவில்லை. சிறுவயது நினைவுகளோ பெருமளவு தங்கிவிட்டன. அவை முன்பே ஊன்றியவை.

அப்படியானால் 'நினைவுப் பெயர்ச்சி' என்றே சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்லா நினைவும் ஹிப்போகாம்பஸை விட்டு முழுக்க நீங்குகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெயர்ச்சி என்று வைத்தால் ஒரு கட்சியின் முடிவைக் கலைச்சொல்லுக்குள் பூட்டிவிடுகிறோம். ஊன்றலுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. நரம்பிணைப்பில் சில மணி நேரத்தில் நடப்பதற்கும் அது பொருந்தும், ஆண்டுக்கணக்கில் நடப்பதற்கும் பொருந்தும்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: ஊன்றிய நினைவு, ஊன்றா நினைவு. நிலைபெற்ற அச்ச நினைவைத் தூண்டினால் அது மறுபடி இளகி, திரும்ப நிலைபெற வேண்டியிருக்கிறது என்று 2000-இல் நாடெரும் லெடூவும் அவர்கள் குழுவினரும் எலிகளில் காட்டினார்கள். அதற்கு 'மீளூன்றல்'. 'மறு உறுதிப்படுத்தல்' என்று சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தூக்கத்தில் நொடிக்கு ஏறக்குறைய 12 முதல் 15 முறை துடித்து, ஓரிரு நொடியில் அடங்கும் 'ஸ்பிண்டில்' அலைகளுக்கு என்ன பெயர் வைப்பது? மூளை மின்வரைவில் அவை நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கித் தெரியும். நூற்கும் கதிர் என்ற பொருளில் 'உறக்கக் கதிர்' என்றால், படிப்பவர் கதிர்வீச்சு என்று எண்ணிவிடுவார். கையால் நூல் நூற்கும் தக்களியின் பெயரால் 'தக்களி அலை' என்று வைக்கலாமா? நூற்பு, நெசவுத் தொழில் தெரிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.