திருகோணமலை உப்புவெளி மணலில் வெட்டிய குளத்தில் தண்ணீர் நிற்குதில்லை, உடைத்துச் சீமெந்து போடவா?

உப்புவெளி வாசி:
வணக்கம். வீட்டுப் பின்வளவில், கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சின்னக் குளம் வெட்டியிருக்கிறேன். நீளம் 8 அடி, அகலம் 5 அடி, ஆழம் ஒன்றரை அடி. ஆள் பிடிக்கவில்லை, நானும் மண்வெட்டியும்தான், மூன்று சனி ஞாயிறு போனது. எங்கள் பக்கத்து மணல் தெரியும்தானே, கரையை நேராக வெட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் சரிந்து கிடக்கும். கடைசியில் சரிவாகவே விட்டு, உரப்பைகளில் மணல் நிரப்பிக் கரையைச் சுற்றி அடுக்கி, மேலே நீலத் தறப்பாள் விரித்தேன். தறப்பாளின் ஓரம் பார்க்க வடிவில்லை என்று சுற்றிவரச் சணல் சாக்கு போட்டு அதன் மேல் கல் அடுக்கினேன்.

இப்போது பிரச்சினை, கிழமைக்கு மூன்றரை அங்குலம் தண்ணீர் இறங்குகிறது. கிட்டத்தட்ட 30 வாளி அள்ளி ஊற்ற வேண்டியிருக்கிறது. தறப்பாள் ஓட்டையா? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சீமெந்து போடலாமா? மாமி வேறு "மருமகன் நுளம்புக்கு வீடு கட்டுறார்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறா.

பழைய மேசன், பாலையூற்று:
தம்பி, உடைக்க முதல் ஒரு வாளிச் சோதனை செய்யுங்கள். குளத்துக்குள் ஒரு கல் வைத்து அதன் மேல் வாளியை இருத்தி, வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பி, இரண்டிலும் கோடு போட்டுவிடுங்கள். வாளியை வீட்டு நிழலில் வைத்தால் கணக்குப் பிழைக்கும், குளத்துக்கு அடிக்கிற அதே வெயிலும் காற்றும் அதற்கும் அடிக்க வேண்டும். நாலு நாள் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். இரண்டும் ஒரேயளவு இறங்கினால் அது கச்சான் காற்று குடித்த தண்ணீர், ஒழுக்கு இல்லை. ஆனி ஆடியில் கிழமைக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் சும்மாவே போகும். குளம் கூட இறங்கினால்தான் ஓட்டையைத் தேட வேண்டும். அப்போதும் அவசரப்படாமல் தண்ணீரை அதன்பாட்டில் இறங்க விடுங்கள், எந்த மட்டத்தில் இறக்கம் மட்டுப்படுகிறதோ ஓட்டை அந்த வரியில்தான் இருக்கும்.

சீமெந்து பற்றி, நானே கைச்சூடு கண்டவன். கோழிக்கூட்டு வலை விரித்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சாந்து, இரண்டு அங்குலத் தடிப்பு, ஈரச் சாக்குப் போட்டுப் பத்து நாள் நனைத்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கார்த்திகையில் கழுவுவதற்கென்று தண்ணீரை இறைத்தேன், அதுதான் பிழை. மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும், வெறும் தொட்டியைக் கீழேயிருந்து நெம்பிவிட்டது. விடியப் பார்த்தால் நடுவில் குறுக்கே ஒரு வெடிப்பு, விரல் நுழையும். உங்களுடையது கடற்கரைப் பக்கம், கிணறு மாரியில் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தறப்பாளோ பொலித்தீனோ என்றால் தவளை வயிறு மாதிரி மேலே ஊதும், ஆனால் வெடிக்காது, தண்ணீர் வற்றினால் திரும்பப் படிந்துவிடும். எப்படியென்றாலும் மாரியில் குளத்தை வெறுமையாக்காதீர்கள்.

அப்படியும் சீமெந்துதான் என்றால் கடல் மணல் கிட்டவும் வேண்டாம், உப்பு வலையைத் தின்றுவிடும். புதுச் சீமெந்தின் காரம் போக மூன்று தரமாவது தண்ணீர் மாற்ற வேண்டும். நாங்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு கிழமை ஊறவிடுவோம். அதற்குப் பிறகுதான் மீன்.

தம்பலகாமத்தான்:
எங்கள் ஊரில் இருந்தால் சிரித்திருப்பேன், வயல் களிமண்ணில் குழி வெட்டி, தண்ணீர் விட்டு, நன்றாக மிதித்துவிட்டால் போதும், சாமான் ஒன்றுமே வேண்டாம். உங்கள் மணலில் களி பூச வேண்டும் என்றால் ஒரு அடித் தடிப்பாவது வேண்டும், அதற்குக் குழியையும் ஒரு அடி பெரிதாக வெட்ட வேண்டும். முக்கால் கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கன அடி) மேல் களி போகும், உழவு இயந்திரத்தில் ஏற்றிவர யார் காசு கொடுப்பது! அதோடு தண்ணீர் இறங்கிக் கரை காய்ந்தால் களி வெடித்துவிடும், கச்சானில் அது நிச்சயம் நடக்கும். விட்டுவிடுங்கள்.

நீலத் தறப்பாளும் கனகாலம் தாங்காது, வெயிலில் நார் நாராக உதிரும். ஹார்ட்வெயாரில் 1000 கேஜ் தடிப்புள்ள கறுப்புப் பொலித்தீன் கேளுங்கள், இரட்டையாகப் போடுங்கள். நீளத்தோடு இரண்டு பக்க ஆழத்தையும் கரைக்கு இரண்டடியையும் கூட்ட வேண்டும், உங்கள் குளத்துக்கு 13க்கு 10 அடி. ஆற்றுவாழையை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். பூ வடிவுதான், ஆனால் 1909இலேயே சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்த செடி அது, இன்றைக்கும் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கின்னியா தாத்தா:
மாமி சொல்வதைச் சும்மா விடாதீர்கள். 2017 தொடக்கத்தில் டெங்கு வந்து நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், இப்போதும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாளியைக் கவிழ்க்கத்தான் கை போகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். எங்கள் வீட்டுத் தொட்டியில் பத்துக் கப்பி மீன் விட்டோம், அது குட்டி போட்டுக் குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிட்டது, நுளம்புப் புழு ஒன்றும் மிஞ்சாது. தீன் மட்டும் போடாதீர்கள், பசி இருந்தால்தான் புழு தேடும். பைப் தண்ணீர் என்றால் இரண்டு நாள் வைத்துவிட்டு மீனை விடுங்கள். அந்தச் சோதனை வாளியிலும் ஒரு கப்பி போடுங்கள், அதுவும் தேங்கின தண்ணீர்தானே. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒன்றரை அடி கொஞ்ச ஆழமில்லை, மேலே வலை போடுங்கள்.

ஒரு கேள்வி. கரையில் போட்ட சாக்கின் உள் நுனி தண்ணீருக்குள் கிடக்கிறதா? வெளி நுனி எங்கே?

உப்புவெளி வாசி:
தாத்தா, நீங்கள் கேட்ட பிறகுதான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். உள் நுனி அரையடி தண்ணீருக்குள், வெளி நுனி மணலில். வேலிப் பக்கச் சாக்கு விடியற்காலையில் பிழிந்தால் சொட்டுகிறது. அந்த இடத்தில் மட்டும் பொன்னாங்காணி பச்சைப் பசேலென்று நிற்கிறது, மற்ற வளவெல்லாம் கருகிக் கிடக்க இது எப்படி என்று நான் யோசிக்கவேயில்லை.

வாளிக் கணக்கும் வந்துவிட்டது. நாலு நாளில் வாளி ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய, குளம் சரியாக இரண்டு அங்குலம். சாக்கை உருவி எறிந்துவிட்டேன், இன்றோடு ஐந்து நாள், இரண்டு கோடும் ஒன்றாகவே இறங்குகின்றன.

பழைய மேசன், பாலையூற்று:
விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறது. நாற்பது வருசம் மேசன் வேலை செய்த எனக்கு அது படவில்லை, தாத்தாவுக்குப் பட்டிருக்கிறது. ஓரத்தை மறைக்க வேண்டும் என்றால் தறப்பாளின் விளிம்பை மேல் நோக்கி நிமிர்த்தி, அதற்கு வெளியே கல் வையுங்கள். இன்னொன்று, கிணறு இந்த மாதத்தில் உவர்க்கிறதா? தண்ணீர்தான் ஆவியாகும், உப்புப் போகாது. உவர்த் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் ஆவணிக்குள் அல்லி இலை ஓரம் கருகும்.

உப்புவெளி வாசி:
கொஞ்சம் உவர்ப்புத்தான். சரி, இனிப் பைப் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். தறப்பாள் புரட்டாதி வரை இருக்கட்டும், மாரிக்கு முன் கறுப்புப் பொலித்தீன் போடுவேன். தம்பலகாமத்து அண்ணை, உங்கள் பக்கம் நீல அல்லிக் கிழங்கு கிடைக்குமா?

தம்பலகாமத்தான்:
வாய்க்காலில் எவ்வளவும் கிடக்கு. ஞாயிறு வாருங்கள், வாளி நீங்களே கொண்டுவாருங்கள், சாக்கு வேண்டாம்.