8 கிலோமீட்டரைத் தாண்டினால் ஓட மனசு வரவில்லை, உதவி தேவை

வணக்கம். ஊர் செட்டிநாட்டில் காரைக்குடி பக்கம் கானாடுகாத்தான், வயது 38. ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓட வேண்டும் என்று ஜூனிலிருந்து பயிற்சி எடுக்கிறேன். 8 கிலோமீட்டர் வரை சிக்கலே இல்லை. அதைத் தாண்டியதும் கால் ஓடத் தயாராக இருந்தாலும் மனசு 'போதும், வீட்டுக்குப் போ' என்கிறது. மூட்டுவலி, மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. டாக்டரிடமும் காட்டிவிட்டேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன்; ஏழரைக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். நம்ம ஊர் வீதிகள் தெரியுமே, ஒரே நேர்கோடு. வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பூட்டிக்கிடக்கும் கதவுகளையும் நீண்ட சுவர்களையும் பார்த்தபடி ஓடினால் தூரம் குறைவதாகவே தோன்றுவதில்லை.

பாட்டு கேட்டுப் பார்த்தேன். ஓட்டமும் நடையுமாக மாற்றிப் பார்த்தேன். பள்ளத்தூர் வழியாகக் காரைக்குடி பக்கம் ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்புவது என்றும் வைத்துக்கொண்டேன். பஸ் கண்ணில் பட்டதுமே ஏறத்தான் தோன்றுகிறது. எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும், அதனால் காரைக்குடியில் யாருடனும் சேர்ந்து ஓட நேரம் ஒத்துவரவில்லை.

இத்தனைக்கும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிக் கூட்டத்தோடு நடந்தவன் நான். பாதம் கொப்பளித்தும் நிற்கத் தோன்றவில்லை. பக்கத்தில் வருபவரின் 'அரோகரா' இழுத்துக்கொண்டே போனது. அந்த வேகம்தான் தனியாக ஓடும்போது வரமாட்டேன் என்கிறது.

துணையில்லாமல் பயிற்சி எடுத்து 21 கிலோமீட்டரை முடித்தவர்கள் சொல்லுங்கள்: 8-லிருந்து 15 கிலோமீட்டர் வரை தூரத்தைக் கூட்டிய வாரங்களில், பாதியில் திரும்பாமல் இருக்க என்ன செய்தீர்கள்?