சர்வர் சைபர்ஜெயாவிலா, சிங்கப்பூரிலா? அந்த 5 மில்லிவிநாடி பஞ்சாயத்து

பால்மரத்தான் (ஞாயிறு, இரவு 9.10)
நேற்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. வெப்சைட் செய்து கொடுக்கிற நம்ம சைபர்சாமி எழுந்து, "மலேசியாவில் கடை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் சர்வரில் வெப்சைட் போட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், சைபர்ஜெயா சர்வர்தான் வேகம்" என்று ஒரு போடு போட்டார். சர்வர் என்றால் வெப்சைட்டை வைத்திருக்கிற கணினி; சைபர்ஜெயா கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊர். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் மசாலா அரைக்கிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள், தையல்காரர்கள். பயந்துபோய் அங்கேயே விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிங் போட்டு, அதாவது சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். சைபர்ஜெயா 9 மில்லிவிநாடி (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிவிநாடி), சிங்கப்பூர் 14. வித்தியாசம் 5. மனிதன் ஒருமுறை கண் சிமிட்டவே 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். இந்த ஐந்துக்காகவா ஒருவன் முறுக்கு வாங்காமல் ஓடுவான்? சாமி பதில் சொல்லட்டும்.

சைபர்சாமி (9.32)
வணக்கம் அண்ணே. முதலில், நான் "ஓடிவிடுவார்" என்று சொல்லவில்லை, "போய்விடுவார்" என்றேன். அடுத்தது, பிங் என்பது ஒருமுறை போய்வரும் நேரம் மட்டும். பக்கம் திறக்க, இணைப்புப் பிடிக்க ஒருமுறை, பாதுகாப்புக்கான அந்தப் பூட்டுச் சின்னத்துக்கு ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவை போய்வரவேண்டும். ஐந்து இப்போது 15 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக இதே தொழில்தான் எனக்கு.

பால்மரத்தான் (9.36)
சரி, 15. கண் இன்னும் பாதிகூட மூடவில்லை தம்பி.

மாவு மில் அக்கா (9.50)
நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மசாலாத்தூள் அரைத்து விற்கிறேன், தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம். என் பிரச்சினை வேறு. ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட் வைக்கிற வாடகை இடத்துக்கு, ஒரு கம்பெனி முதல் வருடம் 60 வெள்ளி (ரிங்கிட்) என்றது. இரண்டாம் வருடத்துக்கு 290 வெள்ளி பில் வந்திருக்கிறது. வெப்சைட் வழியாக வருகிற ஆர்டர் மின்னஞ்சல் பாதி ஸ்பாமில் போய் விழுகிறது. ஹோஸ்டிங்கை மாற்றினால் என் கடைப்பெயர் கையை விட்டுப் போய்விடுமா? சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

சைபர்சாமி (9.58)
கவலைப்படத்தான் வேண்டும் அக்கா. வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது என்று தனிநபர் தரவுச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூர் சர்வர் என்றால் சட்டச் சிக்கல்.

பால்மரத்தான் (10.15)
2010ஆம் ஆண்டுச் சட்டம், 129ஆம் பிரிவு. "போகவே கூடாது" என்று அதில் இல்லை. என்னென்ன நிபந்தனையில் அனுப்பலாம் என்றுதான் இருக்கிறது, வாடிக்கையாளர் சம்மதம் அதில் ஒன்று. சட்டம் தெரியாத மில் அக்காவைச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்களே, சாமி? கூட்டத்துக்குப் பெட்டி நிறைய விலைப்பட்டியல் கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைப்பா?

சைபர்சாமி (10.19)
விலைப்பட்டியல் கொண்டு வருவது குற்றமா? கோவிலில் தேங்காய் விற்கிறவனைப் பார்த்து நீங்கள் இப்படிக் கேட்பீர்களா?

லோரி ராஜா (10.21)
எதுக்குலா இவ்வளவு சண்டை? பேஸ்புக் பக்கம் ஒன்று, வாட்சாப் நம்பர் ஒன்று. காசே இல்லை.

சைபர்சாமி (10.24)
2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கிறதா ராஜா? பேஸ்புக், வாட்சாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. சொந்த வீடு வேண்டும்.

லோரி ராஜா (10.26)
அது நம்ம நேரப்படி ராத்திரி பதினொன்றே முக்கால் வாக்கில் படுத்து, விடியும்போது எழுந்துவிட்டது அண்ணே. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எழும்போது வாட்சாப்பும் எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் யார் அதிரசம் ஆர்டர் போடுகிறார்?

சொல்லாடி (10.40)
அன்பர்களுக்கு ஒரு திருத்தம். "சர்வர்" அன்று, "வழங்கி". தமிழ் பேசும் இடத்தில் தமிழ்ச் சொல் இருக்கும்போது கடன் ஏன்?

பால்மரத்தான் (10.44)
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நேற்று கூட்டத்தில் ஒருவர் "வழங்கி எங்கே இருக்கிறது" என்றதும், பின்வரிசைப் பாட்டி அன்னதானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சொல்லாடி (10.51)
கேலி செய்து மொழியை வளர்க்க முடியாது. "மில்லிவிநாடி"யில் பாதி தமிழாக இருப்பதே என் போன்றோர் போராடியதால்தான்.

சைபர்சாமி (11.02)
பால்மரத்தான் அண்ணே, அந்த 9ம் 14ம் எங்கே எடுத்தது? நீங்கள் குடியிருப்பது கோலாலம்பூர் பங்சாரில். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடிஎஸ் ரயில் ஏறி வந்து, இங்கே சுங்கை சிப்புட்காரன் என்று எழுதுகிறீர்கள். பங்சாரில் எடுத்த பிங் எங்களுக்குப் பொருந்தாது.

பால்மரத்தான் (11.20)
நான் பிறந்தது லயத்து வீட்டில். என் தாத்தா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. நான் யார் என்று நீங்கள் சொல்லவேண்டாம். பிங் எடுத்தது சுங்கை சிப்புட்டில் என் அக்கா வீட்டில், பைபர் லைனில், நேற்று மாலை.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூர் 600 கிலோமீட்டர் என்றே வையுங்கள், போய்வர 6 மில்லிவிநாடி. மற்றதெல்லாம் நடுவில் இருக்கிற பெட்டிகள் எடுத்துக்கொள்வது. அமெரிக்க சர்வர் என்றால் 200 வரும், மூன்று தடவைக்கு 600, அதைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரைப் போய்ச் செவ்வாய்க் கிரகம் மாதிரிப் பேசாதீர்கள்.

சாமி செய்து கொடுத்த ஒரு துணிக்கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் 12 படம், ஒவ்வொன்றும் 4 மெகாபைட், போனில் எடுத்தது அப்படியே. மொத்தம் 48 மெகாபைட், ஒரு மெகாபைட்டுக்கு 8 மெகாபிட். விநாடிக்கு 10 மெகாபிட் வருகிற போனில் அது இறங்க 38 விநாடி. மில்லிவிநாடி இல்லை, விநாடி! சர்வர் சைபர்ஜெயாவில்தான் இருக்கிறது.

சைபர்சாமி (11.31)
படத்தைக் கடைக்காரர் ஏற்றினார். அது என் தவறில்லை. பேச்சை மாற்றாதீர்கள். 5 மில்லிவிநாடி உண்டா இல்லையா?

பால்மரத்தான் (11.33)
உண்டு. கொசுவுக்கும் எடை உண்டு.

சங்கக்கடை (திங்கள், காலை 7.05)
மில் அக்காவுக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. டொமேன், அதாவது வெப்சைட் முகவரி, வேறு, ஹோஸ்டிங் வேறு அக்கா. ஒன்று கடையின் பெயர்ப்பலகை, மற்றது வாடகைக்கடை. கடையை மாற்றினாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகி இருக்கவேண்டும். எஸ்எஸ்எம்மில், அதாவது நிறுவனப் பதிவு ஆணையத்தில், பதிவு இருந்தால் .காம்.மை (.com.my) என்று முடியும் முகவரி வாங்கலாம். ஸ்பாமுக்கு, உங்கள் டொமேனில் மின்னஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் என்று இரண்டு பதிவு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் விலை கேட்கும்போது முதல் வருடத்தை விட்டுவிட்டு இரண்டாம் வருட விலையைக் கேளுங்கள். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கும் 2020இலிருந்து சேவை வரி உண்டு, 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மாவு மில் அக்கா (7.40)
நன்றி தம்பி. டொமேன் யார் பெயரில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? எனக்குப் பக்கம் செய்து கொடுத்தவர் இப்போது போன் எடுப்பதில்லை.

பால்மரத்தான் (8.02)
ஆகா, இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எங்கள் கோவிலுக்கு 2016இல் ஒருவர் இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்தார். டொமேன் அவருடைய மின்னஞ்சலில். புதுப்பிக்க மறந்துவிட்டார். இன்று அந்த முகவரியைத் தட்டினால் ஆன்லைன் சூதாட்டம் வருகிறது. திருவிழா நோட்டீசில் அச்சடித்த முகவரி! அந்த ஒருவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். மில்லிவிநாடி மட்டும் நன்றாக எண்ணுவார்.

சைபர்சாமி (8.10)
புதுப்பிக்கப் பணம் கேட்டு நிர்வாகத்துக்கு மூன்று தடவை எழுதினேன். 65 வெள்ளி தர ஆளில்லை. அதே வருடம் வாழைமரத் தோரணத்துக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பொறுப்பாளரைக் கேளுங்கள். அந்தப் பொறுப்பாளர் யாருடைய மச்சான் என்று நானும் சொல்லமாட்டேன்.

லோரி ராஜா (8.12)
தே தாரேக் (டீ) போட்டுவிட்டு வருகிறேன், நிறுத்திவிடாதீர்கள்.

சைபர்சாமி (8.30)
வெளிநாட்டு சர்வர் பாதுகாப்பானது என்று நினைக்கிறவர்களுக்கு: 2021 மார்ச் 10, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க். ஓவிஎச் கம்பெனியின் தரவு மையம் எரிந்தது, ஒரு கட்டடம் முழுசாகப் போனது. பேக்கப்பையும், அதாவது எடுத்து வைத்த நகலையும், அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சைபர்ஜெயாவில் இருந்தால் போய்ப் பார்க்கவாவது முடியும்.

பால்மரத்தான் (8.37)
போய்ப் பார்த்து? ஒப்பாரி வைக்கவா? நெருப்பு பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டா வருகிறது? பேக்கப் வேறு இடத்தில் வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். அதைச் சொல்லாமல் மறுபடியும் சைபர்ஜெயா, சைபர்ஜெயா.

சொல்லாடி (8.55)
"பேக்கப்" அன்று, "காப்புப்படி".

மாவு மில் அக்கா (9.15)
ஐயா, அண்ணன், தம்பிகளே, டொமேன் யார் பெயரில் என்று பார்ப்பது எப்படி?

சங்கக்கடை (9.21)
ஹூஇஸ் (WHOIS) என்று தேடி டொமேனைத் தட்டுங்கள் அக்கா. பெயரை மறைத்திருந்தாலும் எந்தப் பதிவாளரிடம், அதாவது டொமேன் விற்கிற கம்பெனியிடம், இருக்கிறது, எப்போது முடிகிறது என்று தெரியும். முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பால்மரத்தான் (இரவு 11.05)
சுங்கை சிப்புட்டில் என் அக்கா வீட்டில் மறுபடி பிங் எடுக்கச் சொன்னேன். பங்சார் என்று யாரும் சொல்லமுடியாது, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. சைபர்ஜெயா 9, சிங்கப்பூர் 15. வித்தியாசம் 6 ஆகிவிட்டது என்று சாமி பட்டாசு வெடிக்கவேண்டாம். ராத்திரி எல்லாரும் வீடியோ பார்க்கிற நேரம்.

சைபர்சாமி (11.06)
ஆறு! மூன்றால் பெருக்குங்கள் அண்ணே, 18.