குறிப்பைப் பார்த்துச் செய்தும் கேக் வறண்டு போகிறது, படிக்கவும் நேரமில்லை

கேள்வி: புதுக் குறிப்பு எடுத்தாலே கேக் கெட்டியாக, வறண்டு வருகிறது. எல்லாம் கப் அளவுதான். பாதி அளவு செய்தால் இன்னும் மோசம். மாலை முழுக்க இதிலேயே போவதால் புத்தகங்களும் படிக்காமல் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் தராசுக்கு மாறுங்கள். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் மைதா அமுங்கி 150 கிராம் வரை ஏறும். ஸ்பூனால் போட்டு மேலே வழித்தால் 125 கிராம்தான். மூன்று கப்பில் 75 கிராம் கூடினால் கேக் வறளத்தானே செய்யும்? மைதா சேர்த்தபின் அதிகம் கலக்கினாலும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகிவிடும். உலர்மாவு மறைந்ததும் நிறுத்துங்கள்.

பதில் 2: பாதி அளவில் பலர் தட்டை மாற்றுவதில்லை. 9×13 அங்குலத் தட்டு 117 சதுர அங்குலம்; அதில் பாதிக்கு 8 அங்குலச் சதுரத் தட்டு (64) பொருந்தும். பெரிய தட்டிலேயே ஊற்றினால் மெல்லிசாகப் பரவிக் காய்ந்துவிடும். மூன்று முட்டையைப் பாதியாக்க, அடித்து எடைபோட்டுப் பிரியுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் குறிப்பில் சொன்ன வெப்பத்தில் 20 டிகிரி செல்சியஸ் குறைக்கவும். சொன்ன நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள்.

பதில் 3: படிக்க நேரம் ஓவனுக்குள்ளேயே இருக்கிறது! வேகும் 35 நிமிடம் உங்களுடையது. ஆனால் டைமரை போனில் வைக்காதீர்கள், கை வேறெங்கோ போய்விடும். தனி டைமர் நல்லது. கிளறிக்கொண்டே இருக்கவேண்டிய சமையலுக்கு ஒலிப்புத்தகம்தான் சரி.