ஒரு லட்சம் வரியை கேட் செய்து யார் படிக்கிறார்கள்?

பழையவிசை:
நேற்று இன்னோர் இழையில் புதியவர் ஒருவர், க்னோம் டெர்மினல் (லினக்ஸில் கட்டளைகளை அடிக்கும் சாளரம்) அலுத்துவிட்டது, மாற்றாக எதைப் போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு மின்னல்வரி சொன்ன பதில்: "ஜிபியு இல்லாத டெர்மினலை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் டைப்ரைட்டருக்கே போய்விடலாம். அலாக்ரிட்டி போடுங்கள், மற்றதெல்லாம் குப்பை." ஜிபியு என்ற வரைகலைச் சில்லை வைத்து எழுத்தை வரைகிற டெர்மினல்தான் அலாக்ரிட்டி. அவர் காட்டிய ஆதாரம் என்னவென்றால், ஒரு லட்சம் வரி உள்ள லாக் ஃபைலை கேட் செய்தாராம், அதாவது cat கட்டளையால் முழுவதையும் திரையில் கொட்டினாராம், அலாக்ரிட்டியில் கண்ணிமைப்பதற்குள் முடிந்ததாம். பதில் எழுதுவதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். ஒரு லட்சம் வரியை கேட் செய்து யார் படிக்கிறார்கள்? நான் லெஸ் கட்டளையில் திறப்பேன், கிரெப் கட்டளையில் தேடுவேன்.

மின்னல்வரி:
எனக்காகத் தனி இழையா, நன்றி. படிப்பதற்காக யாரும் கேட் செய்வதில்லை. பெரிய ப்ராஜெக்ட்டை கம்பைல் செய்யும்போது வரிகள் கொட்டும். டெர்மினல் அதை வாங்கிக்கொள்ளத் திணறினால் பஃபர் நிரம்பும், எழுதுகிற ப்ரோக்ராம் அதற்காக நின்று காத்திருக்கும். உங்கள் கம்பைல் நேரமே கூடும். இது தெரியாமல் இழை தொடங்கிவிட்டீர்கள்.

பழையவிசை:
தெரியும். அதற்கு வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் போதும், டெர்மினலை மாற்ற வேண்டாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்? அலாக்ரிட்டிக்காரர்களே எழுதிய விடிஇபெஞ்ச் என்ற அளவீட்டுக் கருவி இருக்கிறது. அதன் முன்குறிப்பைப் படித்துப் பாருங்கள். வந்து விழுவதை டெர்மினல் எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது, ஃப்ரேம் ரேட்டையோ தாமதத்தையோ அல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தவனே சொல்லிவிட்டான், நீங்கள்தான் கேட்பதாக இல்லை.

நான் நாளெல்லாம் செய்வது டைப் அடிப்பது. விசையைத் தட்டியதும் எழுத்து வர வேண்டும். அதில் எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 2018ல் எல்டபிள்யூஎன் என்ற லினக்ஸ் செய்தித் தளத்தில் வந்த ஒப்பீட்டில் தாமதம் மிகக் குறைவாக இருந்தவற்றில் எக்ஸ்டெர்மும் எம்எல்டெர்மும் இருந்தன. எக்ஸ்டெர்ம் 1984ல் தொடங்கிய ப்ரோக்ராம், பழைய சாளர அமைப்பான எக்ஸ் விண்டோவுக்கே மூத்தது.

மின்னல்வரி:
2018! அதற்குப் பிறகு உலகம் சுற்றவே இல்லையா? எக்ஸ்டெர்மில் ஸ்க்ரோல் செய்து பாருங்கள், பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

கிட்டிப்பிரியன்:
இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். அலாக்ரிட்டியில் டேப் கிடையாது, லிகேச்சர் (எழுத்துகளை ஒட்டி ஒரே வடிவமாகக் காட்டுவது) கிடையாது, படம் காட்டாது. கேட்டால் ஒரே சாளரத்தைப் பல திரைகளாகப் பிரிக்கும் டிமக்ஸ் போட்டுக்கொள் என்பார்கள். டெர்மினலுக்குள் இன்னொரு டெர்மினலை ஓட்டிவிட்டு வேகம் பேசுவதா? கிட்டி என்ற டெர்மினலில் டேப், திரைப் பிரிப்பு, படம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஜிபியுவும் உண்டு.

மின்னல்வரி:
டேப் என்பது சாளரங்களை அடுக்கிவைக்கும் விண்டோ மேனேஜர் செய்ய வேண்டிய வேலை. டெர்மினல் எழுத்தைக் காட்டினால் போதும்.

நான்காம்சாளரம்:
எல்லாரும் சாளரங்களைத் தானே பக்கம் பக்கமாக அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜரா வைத்திருக்கிறார்கள்? நான் டிலிக்ஸ் என்ற டெர்மினலில் நாலு பகுதியாகப் பிரித்து வைத்து வேலை பார்க்கிறேன். அதன் பராமரிப்பு மந்தமாகிவிட்டது, உண்மை. ஆனால் எனக்கு ஓடுகிறது.

பழையவிசை:
கிட்டியின் அமைப்பு ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா, கிட்டிப்பிரியன்? ரீபெயிண்ட் டிலே (திரையை மறுபடி வரையுமுன் காத்திருப்பது) 10 மில்லிசெகண்ட், இன்புட் டிலே (வந்த எழுத்தைக் கவனிக்குமுன் காத்திருப்பது) 3 மில்லிசெகண்ட், எதையும் மாற்றாவிட்டால் இதுதான். தானே வேண்டுமென்று காத்திருக்கிறது! 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிசெகண்ட். ஜிபியு எதற்கு, காத்திருப்பதற்கா?

கிட்டிப்பிரியன்:
சிபியுவை வீணாக ஓட்டாமல் இருக்க வைத்த அளவு அது. குறைத்துக்கொள்ளலாம். ஒரு வரி மாற்றத் தெரியாதவருக்கு எக்ஸ்டெர்மின் அமைப்பு ஃபைலான எக்ஸ்ரிசோர்ஸஸ் மட்டும் எப்படிப் புரிந்தது?

பழையவிசை:
எனக்குப் புரிந்தது தம்பி, நீங்கள் கணினியைப் பார்ப்பதற்கு முன்பே. அது இருக்கட்டும், கிட்டியிலிருந்து எஸ்எஸ்ஹெச் செய்து (தொலைவிலிருந்து இணைந்து) பழைய சர்வர் ஒன்றில் நுழைந்து பாருங்கள். "இப்படி ஒரு டெர்மினல் வகையே எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் கூட ஒழுங்காக வேலை செய்யாது.

கிட்டிப்பிரியன்:
கிட்டன் எஸ்எஸ்ஹெச் என்று ஒன்று இருக்கிறது. டெர்மினலின் விவரக் குறிப்பான டெர்மின்ஃபோவைத் தானே அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். அப்புறம், தம்பி என்று அழைக்க நீங்கள் யார்? என் வயது உங்களுக்குத் தெரியுமா? வேலண்ட் (எக்ஸ் விண்டோவுக்கு மாற்றாக வந்த சாளர அமைப்பு) பற்றிய இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். பதில் தீர்ந்துபோனால் தம்பி வந்துவிடும்.

பழையவிசை:
வேலண்ட் இழையில் யார் பாதியில் ஓடினார்கள் என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சொல்லாய்வு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டெர்மினல், டெர்மினல் என்று எழுதுகிறீர்களே, முனையம் என்ற நல்ல சொல் இருக்கிறதே?

மின்னல்வரி:
எனக்கு முனையம் என்றால் விமான நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

சொல்லாய்வு:
டெர்மினல் என்றால் மட்டும் வராதா? அதுவும் விமான நிலையத்தில் இருப்பதுதானே. நாம் பேசுவது அந்தக் காலத்து விடி100 போன்ற கருவியைப் போலச் செய்யும் மென்பொருள். ஆகவே முனையப்போலி என்பதுதான் சரி.

நான்காம்சாளரம்:
முனையப்போலியா? போலி டாக்டர் மாதிரி இருக்கிறது.

கிட்டிப்பிரியன்:
சரி, தமிழ் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். பழையவிசையின் எக்ஸ்டெர்மில் தமிழில் பெயர் வைத்த ஃபைல் ஒன்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "கொ" என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வரும் என்பதே அதற்குத் தெரியாது. அலாக்ரிட்டியும் எழுத்தைச் சேர்த்து வரைவதில்லை. கிட்டியில் அதைச் செய்யும் ஹார்ஃபஸ் நூலகம் இருக்கிறது.

பழையவிசை:
தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஃபைல் மேனேஜரில் பார்த்துக்கொள்ளட்டும். பேச்சை மாற்ற வேண்டாம். யாராவது என் கேள்விக்குப் பதில் சொன்னீர்களா? ஒரு லட்சம் வரியை கேட் செய்து யார் படிக்கிறார்கள்?

சொல்லாய்வு:
தமிழைப் பற்றி இப்படியா பேசுவீர்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் முனையத்துக்கு வராததால் தமிழே வேண்டாம் என்கிறீர்கள்.

பழையவிசை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. இன்னொன்று. ஃபுட் என்ற டெர்மினலைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வேலண்டில் மட்டும் ஓடும். ஜிபியுவைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் சிபியுவிலேயே வரைகிறது, மாறிய கட்டங்களை மட்டும். அப்படியும் வேகமாக ஓடுகிறது. மின்னல்வரியின் கணக்குப்படி அதுவும் டைப்ரைட்டர்தானா?

மின்னல்வரி:
வேலண்டைத் திட்டித் தீர்த்தவர் இன்று வேலண்ட் டெர்மினலுக்கு வக்காலத்து வாங்குகிறார். குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பழையவிசை:
பதில் சொல்லுங்கள். ஃபுட் குப்பையா?

மின்னல்வரி:
ஃபுட்டில் டேப் இல்லையே.

கிட்டிப்பிரியன்:
டேப் விண்டோ மேனேஜர் வேலை என்று சொன்னது யார்? கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள்!

புதுவரவு:
நேற்றுக் கேள்வி கேட்டது நான்தான். எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். கன்டெய்னருக்குள் (ப்ரோக்ராம்களைத் தனியாக ஓட்டும் பெட்டி போன்ற சூழல்) எளிதாகப் போக வேண்டும், டேப் வேண்டும். டைப் செய்யும்போது நான் எந்தத் தாமதத்தையும் உணரவில்லை.

நான்காம்சாளரம்:
அப்படியானால் டிக்ஸிஸ் என்ற டெர்மினலைப் பாருங்கள். ஃபெடோரா லினக்ஸ் 41லிருந்து அதன் வொர்க்ஸ்டேஷன் பதிப்பில் அதுதான் இயல்பு டெர்மினல். பாட்மேன், டூல்பாக்ஸ் கன்டெய்னர்களை அதுவே பட்டியலிட்டுக் காட்டும். உள்ளே இருப்பது க்னோம் டெர்மினலில் உள்ள அதே விடிஇ நூலகம்தான், ஜிடிகே 4 என்ற வரைகலை நூலகம் வழியாக வரைவதால் ஜிபியுவும் வந்துவிடுகிறது.

மின்னல்வரி:
பார்த்தீர்களா, க்னோம்காரர்களே ஜிபியுவுக்கு வந்துவிட்டார்கள். இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

பழையவிசை:
நீங்கள் சொன்னது "அலாக்ரிட்டி போடுங்கள், மற்றதெல்லாம் குப்பை." அந்த மற்றதில்தான் விடிஇயும் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விடிஇ 0.76ல் வேகத்தைக் கூட்ட எவ்வளவோ வேலை செய்தார்கள். யாரும் டைப்ரைட்டர் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை.

கிட்டிப்பிரியன்:
தம்பி என்றதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

பழையவிசை:
வராது, ஐயா. போதுமா?

மின்னல்வரி:
இப்போது மறுபடி அளந்தேன். ஐந்து முறை. ஐந்திலும் அலாக்ரிட்டிதான் முதலிடம்.

பழையவிசை:
எதை அளந்தீர்கள்?

மின்னல்வரி:
அதே லாக் ஃபைலை.