புதுப்பிப்பு: அக்கா மகளின் கல்லூரிக் கட்டணம்

"18 வயதாகிவிட்டது, இனி என் பொறுப்பில்லை" என்று, பிரிந்து வாழும் அத்தான், தன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நிறுத்திவிட்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டோம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 18 தாண்டிய பிள்ளைக்கு உடல் அல்லது மனக் குறை இருந்தால்தான் ஜீவனாம்சம் பெற உதவும். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, சொந்த வருமானத்தில் வாழ முடியாத, திருமணமாகாத மகளுக்கு உரிமை தருகிறது. உச்ச நீதிமன்றம் 2020-இல் இதை உறுதிசெய்தது. ஜீவனாம்சத்தில் படிப்புச் செலவும் அடக்கம்! மகனுக்கு மட்டும் இது 18 வயதோடு முடிகிறது. அவனும் படிக்கிற பிள்ளைதானே, எனக்கு மனம் ஆறவில்லை.

நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள் பாதிக் கட்டணம் வந்தது. அக்கா மகள் ரசீதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மீதிக்காகத் திங்கட்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுக்கிறோம்.